துரை நாற்காலியும் அப்பளம் இல்லாத இலையும்

கல்யாணத்துக்குக் கூலி கொடுத்து ஆள் வைப்பார்களா என்று போன வாரம் பதுளைக் கடைவீதியில் ஒரு முதலாளி என்னை நிறுத்திக் கேட்டார். அவர் மகளுக்குத் தை மாதத்தில் முகூர்த்தம்.

"ஏகாம்பரம், இப்பத்தான் ரயில் வந்திருச்சே. கண்டியில இருந்து பூ வருது, கொழும்புல இருந்து பிஸ்கோத்து வருது. மேளக்காரன்கூட டிக்கெட் எடுத்து வந்து எறங்குறான். அப்புறம் எதுக்குத் தனியா ஒரு ஆளு? எனக்குச் சொந்தக்காரங்க இல்லியா?"

சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகத்தானே ஆள் வைப்பது! நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, "நான் வேலைய விட்டு நாளாச்சுங்க, உங்க இஷ்டம்" என்று சொல்லி நடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கவலை பிடித்தது. அந்தச் சம்பந்தி வீட்டில் எவருக்கு எதன்மேல் கோபம் வருமோ? அதை யார் முன்கூட்டியே விசாரிப்பார்கள்? அழைக்காத கல்யாணத்துக்காக இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் எழுத்து இது. பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

இந்தக் கவலைதான் எனக்குப் பிழைப்பும் கொடுத்தது. அப்போது நான் ஓர் அரிசிக்கடையில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். மாலையில் கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போவேன். பூட்டினோமா என்று சந்தேகம் வரும். திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். மறுபடி பாதி வழி போவேன். இழுத்தபோது பூட்டு திறந்துகொண்டிருந்தால்? மறுபடி வருவேன். எதிர்வீட்டில் இருந்த செல்லம்மாக்கா ஒரு மாதம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் கூப்பிட்டார்.

"நீ பைத்தியமா, இல்ல சும்மா பயந்தவனா?"

"பயந்தவன்தாங்க."

"அப்ப நாளையில இருந்து என்கிட்ட வந்திரு. தைரியசாலிங்கள வச்சு ஒரு கல்யாணமும் நடத்த முடியல."

செல்லம்மாக்கா என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். அவர் கணவர் கல்யாணச் சமையல்காரர். மலைக்காய்ச்சலில் அவர் போன பிறகு அக்கா அண்டா குண்டாக்களை விற்கவில்லை. சமையலோடு பந்தல், மேளம், வண்டி, பூ, குருக்கள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்து, முழுக் கல்யாணத்தையும் ஒரே கையில் நடத்திக் கொடுக்க ஆரம்பித்தார். பதுளையில் அந்தத் தொழிலுக்கு அப்போது பெயரே கிடையாது. "கல்யாணத்துக்கு ஆள் வச்சிருக்கோம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள், வீட்டில் யாருக்கோ பேய் ஓட்ட ஆள் வைத்ததைப் போல.

அக்காவுக்கு ஒரு சங்கடம் இருந்தது. கணவர் இல்லாதவர் மணவறைப் பக்கம் வரக்கூடாதே! எத்தனையோ கல்யாணம் நடத்தினார், ஒரு தாலி ஏறிக் கண்ணால் பார்த்ததில்லை. சமையல் கொட்டகையில் சர்க்கரை மூட்டைமேல் உட்கார்ந்து, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, காதாலேயே கல்யாணத்தை நடத்துவார். "நாயனம் மெதுவாப் போகுது, குருக்களுக்குத் தட்சிணை போதலபோல இருக்கு. போய்ப் பாரு." போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். அவர் பார்க்க முடியாததைப் பார்த்துப் பயந்து ஓடிவந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

தொழில் கற்ற கதையை நீட்ட மாட்டேன். வாழையிலையை ஈரச் சாக்கில் சுற்றினால் இரண்டு நாள் தாங்கும். மேளக்காரருக்கு முன்பணத்தோடு பலகாரமும் கொடுத்து, வேறு கல்யாணத்துக்குப் போய்விடாமல் கட்டிவைக்க வேண்டும். ஹாலிஎலப் பக்கம் கல்யாணம் என்றால் மழைக்கு ஒரு பந்தல், காற்றுக்கு நாலு கயிறு. இதெல்லாம் எவரும் கற்கலாம். அக்காவின் வித்தை வேறு. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

யார் கல்யாணம் பேச வந்தாலும் அக்கா சீரைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ முதலில் கேட்க மாட்டார். "மாப்பிள்ள வீட்டுல ரொம்பக் கோவப்படுறவரு யாரு?" என்றுதான் கேட்பார். எந்த வீட்டிலும் ஒருவர் இருப்பார். பெரியப்பாவோ, தாய்மாமனோ, யாரும் கூப்பிடாத ஓர் அத்தான்காரரோ. அவர் கல்யாணத்துக்கு வருவதே கோபித்துக்கொள்ளத்தான். கோபிக்காமல் திரும்பினால் ஊரில் அவருக்கு மதிப்பில்லை. ஆகவே அவருக்கென்று ஒரு குறையை நாங்களே தயார்செய்து வைப்போம்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் அவர் இலைக்கு மட்டும் அப்பளம் போகாது. சுற்றிலும் நொறுக்கும் சத்தம் கேட்கும், அவர் இலை வெறிச்சென்று கிடக்கும். கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு எழுந்துவிடுவார். "எங்கள என்ன பிச்சைக்காரன்னு நெனச்சீங்களா?" பெண்ணின் தகப்பனார் ஓடிவருவார், நான் ஓடிவருவேன், சமையல்காரனை அவர் முன்னாலேயே திட்டுவேன். தனித் தட்டில் அப்பளம் குவித்துக்கொண்டுவந்து வைப்போம். அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு உட்காருவார். மறுநாள் அவரைப்போல் சாதுவான மனிதர் பந்தலில் இருக்க மாட்டார். கோபம்தான் முடிந்துவிட்டதே! திட்டு வாங்கவென்றே ஒரு சமையல்காரனை அக்கா வைத்திருந்தார். அவனுக்குச் சமைக்கத் தெரியாது. அழுகிற முகம், அவ்வளவுதான்.

இந்த வித்தை ஒரே ஒரு தடவைதான் தோற்றது. அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

நமுனுகுல மலைப் பக்கத்து ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெரிய கங்காணி, வேலாயுதம் என்று பெயர், ஒரு நாள் அக்காவைத் தேடி வந்தார். தோட்டத்தில் நூற்றுக்கணக்கான ஆட்களை மேய்க்கிறவர், எங்கள் வாசலில் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என் மக கனகத்துக்குக் கல்யாணம். முன்ன ஒரு தடவ சொந்தக்காரங்கள வச்சுப் பந்தல் போட்டேன். மாப்பிள்ள வீட்டோட சண்ட புடிச்சாங்க, அவங்க தாலிக்கு முந்தி வண்டியத் திருப்பிட்டாங்க. இந்தத் தடவ கூலிக்கு ஆளு வைக்கிறேன்மா. ரெண்டாந்தடவையும் பந்தலப் பிரிச்சா என் புள்ளையக் கேட்டு இனி ஒருத்தன் மல ஏற மாட்டான்."

"மாப்பிள்ள வீட்டுல ரொம்பக் கோவப்படுறவரு யாரு?"

"தாய்மாமன். பதுளையில ஜவுளிக்கட."

கேட்டதும் அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

கல்யாணத்துக்கு முந்திய மாலை மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர்ந்தார்கள். அந்த வாரம் மழை. வழியில் ஓரிடத்தில் மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. வண்டிகளை விட்டுவிட்டுப் பட்டுச் சேலையோடும் ஜரிகை வேட்டியோடும் சேற்றில் நடந்து வந்தார்கள். "இந்த மல எப்ப எறங்கும்னு தெரியலியே" என்று அவர்களுக்குள் ஒரே பேச்சு. ஜவுளிக்கடை மாமா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. குள்ளமாக, பெரிய மேல்துண்டோடு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். நல்ல கோபம் ஒன்று உள்ளே சேர்ந்துகொண்டிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

சாப்பாடு நடந்தது. அப்பளம் இல்லாத இலை மாமாவுக்குப் போனது. நான் தூண் மறைவில் நின்றேன். அழுகிற முகத்துக்காரன் தயாராக நின்றான். மாமா சாம்பார் சாதம் சாப்பிட்டார், ரசம் சாப்பிட்டார், பாயசத்தை வழித்துச் சாப்பிட்டார், ஏப்பம் விட்டு எழுந்தார். "சாப்பாடு நல்லாருந்துச்சு" என்றுகூடச் சொன்னார். அப்போதுதான் அவர் வாய் திறந்ததைப் பார்த்தேன். ஒரு பல் கிடையாது. எல்லாவற்றையும் விசாரித்தோம், பல்லை விசாரிக்கவில்லை. அவருக்கு எந்த ஊரிலும் அப்பளம் தேவையில்லை.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவர் சர்க்கரை மூட்டையை விட்டு எழுந்துவிட்டார். "அப்ப அந்த ஆளு இன்னும் கோவிச்சுக்கல. கோவத்தோடயே படுக்கப் போறாரு. காலையில எப்ப, எதுக்கு வெடிப்பாருன்னு தெரியாது."

அந்த நேரத்தில்தான் கனகம் கொட்டகைக்குள் வந்தாள். நலங்கு வைத்த முகம், மஞ்சள் காயவில்லை.

"அக்கா, போன தடவ பந்தலப் பிரிச்சப்ப நான் உள்ள உக்காந்து சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு மூங்கிலா விழுந்துச்சு. மறுபடி அந்தச் சத்தம் கேட்டா நான் இந்தத் தோட்டத்துல இருக்க மாட்டேன். எங்க போவேன்னு கேக்காதீங்க."

அக்கா அவள் கன்னத்து மஞ்சளைத் தொட்டு, "இந்தப் பந்தல் என் கூலி ஆளு கட்டினது. நான் சொன்னாத்தான் பிரிப்பான். போய்ப் படு" என்றார். அவள் போன பிறகு நெடுநேரம் வெற்றிலை போடவில்லை.

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பனி விலகிவிட்டது. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரர், பெரிய துரை, அன்று எல்லோருக்கும் லீவு கொடுத்திருந்தார். முடிந்தால் வந்து பார்ப்பதாகவும் சொல்லியிருந்தார். அந்த "முடிந்தால்" என்ற ஒரு சொல்லுக்காகப் பங்களாவிலிருந்து கை வைத்த நாற்காலி ஒன்றை இரண்டு பேர் தலையில் சுமந்துவந்து, வெள்ளை விரித்து, பந்தலின் முன்வரிசையில் போட்டிருந்தார்கள். பக்கத்தில் தட்டில் மாலையும் எலுமிச்சம்பழமும். மற்றவர் எல்லோருக்கும் பாய். தோட்டத்துச் சனம் அந்த நாற்காலிக்கு ஒரு பாய் அகலம் தள்ளித்தான் நடந்தது.

கங்காணி தாரை வார்த்துக் கொடுத்துவிட்டார். தாலியைத் தட்டில் வைத்துப் பெரியவர்கள் தொட்டு வாழ்த்தச் சபையைச் சுற்றிக் கொண்டுபோனார்கள். தட்டு ஜவுளிக்கடை மாமாவிடம் வந்தது. மாமா தட்டை வாங்கினார், சுற்றிப் பார்த்தார், நேராகப் போய்த் துரை நாற்காலியில் உட்கார்ந்தார்.

கங்காணியின் தம்பி பாய்ந்து வந்து அவர் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "அய்யய்யோ எந்திரிங்க! அது தொரை நாக்காலி!"

"அப்ப நான் யாரு? தொரைக்கு வச்ச நாக்காலி, மாப்பிள்ள மாமனுக்குப் பாயா?"

"நாங்களே ஒக்கார மாட்டமுங்க!"

"நீங்க ஒக்காராதீங்க. நீங்க அவன்கிட்டக் கூலி வாங்குறீங்க. நான் என் கடையில நான்தான் தொரை. இந்த நாக்காலி எனக்கு வராம இந்தத் தட்டு மணவறைக்குப் போகாது."

தாலித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். கங்காணி கைகூப்பினார், கெஞ்சினார். வேறு நாற்காலி கணக்கப்பிள்ளை வீட்டிலிருந்து வருமென்றார். "அதே நாக்காலி" என்றார் மாமா. தோட்டத்து ஆட்கள் நாற்காலியைச் சுற்றி அரண்போல் நின்றுகொண்டார்கள். கங்காணி முகத்தைப் பார்த்தேன். மகள் ஒரு பக்கம், துரை திடீரென்று வந்துவிட்டால் தன் வேலை ஒரு பக்கம். குருக்கள், "முகூர்த்தம் போய்க்கிட்டே இருக்கு" என்று நெய்யை ஊற்றிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எழுந்து மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். மணவறையில் கனகம் தலையைக் குனியவில்லை. பந்தல் மூங்கிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொட்டகைக்கு ஓடினேன். நான் வாய் திறப்பதற்குள் அக்கா கேட்டார். "எல்லாம் கேட்டுச்சு. நாக்காலியச் சுத்தி நிக்கிறவங்க நகரணும், அவ்வளவுதானே? தோட்டத்து சனம் எதக் கேட்டா யோசிக்காம ஓடும்?"

அவர் கை வேலிக்கு வெளியே காட்டியது. பந்தல் ஓரத்துப் பலாமரத்தடியில் மாயாண்டி உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் விடியற்காலை ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுக்க, கூப்பிடத் தப்பு அடிக்கிறவர் அவர்தான். அவரையும் பந்தலுக்குள் விட மாட்டார்கள். தப்பை மடியில் வைத்துக்கொண்டு இலைக்குக் காத்திருந்தார்.

அக்கா வேலியோரம் போய் விஷயத்தைச் சொன்னார். மாயாண்டி சிரித்துவிட்டார்.

"தொரை சொல்லாம பெரட்டுத் தப்பு அடிச்சா என் தோல உரிச்சு இன்னொரு தப்பு கட்டுவாங்க தாயி."

"அப்ப?"

"நான் சோறு வாங்கப் போறேன். தப்பு இங்கனதான் கெடக்கும். யாரு எடுத்தா எனக்கென்ன தெரியும்?" என்று மரத்தில் சாய்த்துவிட்டு நடந்தார். நாலு அடி போய்த் திரும்பி, "அவசரப் பெரட்டுன்னா அடி பொடிப்பொடியா விழணும்" என்று ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா என்னைப் பார்த்தார். "என்னால முடியாதுக்கா, கை நடுங்குது" என்றேன்.

"நடுங்கட்டும். பொடிப்பொடியா விழும்."

எடுத்து அடித்தேன். உண்மையாகவே அப்படி ஓர் அவசரப் பெரட்டு அந்த மலையில் அதற்கு முன் கேட்டிருக்காது. லீவை ரத்து செய்துவிட்டார் துரை, போகாதவனுக்கு அன்றைய பேர் வெட்டு, கூலி இல்லை என்று யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. முதல் ஆளாகக் கங்காணியே ஓடினார், சந்தனப் பொட்டோடு. பின்னால் தம்பி, பின்னால் அரண், பெண்கள், கிழவர்கள் எல்லோரும் பட்டும் பூவுமாய்ப் பெரட்டுக் களத்தைப் பார்த்து ஓடினார்கள். ஒருத்தி பழக்கத்தில் கொழுந்துக் கூடையையும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை. முந்தின நாள் பார்த்த மண்சரிவுதான் அவர்கள் கண்ணில் நின்றது. "மல எறங்குதுடோய்!" என்று யாரோ கத்த, அவர்களும் அதே திக்கில் ஓடினார்கள். நாயனக்காரர் நாயனத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லோரையும் முந்தினார். மாப்பிள்ளையும் எழுந்தார். கனகம் அவர் வேட்டி நுனியைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"ஒக்காருங்க. மலையும் இல்ல மண்ணும் இல்ல. பெரட்டுத் தப்பு."

பந்தலில் மிஞ்சியது மணமக்கள், ஓட முடியாத உடம்புள்ள குருக்கள், தாலித் தட்டோடு மாமா. மாமா இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். வெள்ளை விரித்த நாற்காலி தனியாக இருந்தது. போய் உட்கார்ந்தார். அதன் கைப்பிடிகளில் கையை வைத்தார். காலை நீட்டிப் பார்த்தார். அந்த முகத்திலிருந்து கோபம் இறங்கியதை நான் மரத்தடியிலிருந்தே பார்த்தேன்.

கொட்டகை வாசலில் இருந்து அக்கா சொன்னார். "ஒக்காந்தாச்சுங்களா? தட்டக் குடுத்தனுப்புங்க."

மாமா எழாமலே தட்டைக் குருக்களிடம் நீட்டினார். குருக்கள் சுற்றிப் பார்த்தார். தாலி ஏறும்போது பின்னால் விளக்குப் பிடிக்க மாப்பிள்ளையின் அக்கா வேண்டும். அவர் பெரட்டுக் களத்தில் இருந்தார். "வெளக்குப் புடிக்க ஒரு பொம்பளையும் இல்லையே" என்றார் குருக்கள்.

"இருக்காங்க" என்றாள் கனகம். "செல்லம்மாக்கா, வாங்க."

அக்கா நகரவில்லை. நான் அவரோடு வேலை செய்த காலத்தில் அவர் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது அந்த ஒரு தடவைதான். குருக்கள் தொண்டையைச் செருமி என்னவோ சொல்ல வந்தார். அப்போது நாற்காலியில் இருந்து மாமா, துரை கணக்கப்பிள்ளைக்கு உத்தரவு போடுகிறதைப்போல விரலை மட்டும் அசைத்தார்.

"புடிக்கட்டும், புடிக்கட்டும். நான் சொல்றேன்."

துரை சொன்னால் அப்பீல் ஏது? அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து விளக்கை எடுத்தார். கெட்டிமேளம் என்று குருக்கள் கையை உயர்த்தினார். மேளம்தான் ஓடிவிட்டதே! "ஏகாம்பரம்!" என்றார் அக்கா. மறுபடி தப்பை எடுத்தேன். கனகத்தின் கழுத்தில் தாலி ஏறியது பெரட்டுத் தப்புக்குத்தான். களத்தில் அதை இரண்டாம் அழைப்பு என்று நினைத்து இன்னும் நேராக நின்றார்களாம். மூன்று முடிச்சும் விழுந்தபோது விளக்கு வெளிச்சத்தில் அக்கா முகம் தெரிந்தது. அதை எழுத எனக்குப் படிப்புப் போதாது.

களத்தில் நடந்ததைப் பிறகு கணக்கப்பிள்ளை சொல்லிக் கேட்டேன். தப்புச் சத்தம் கேட்டுத் துரை கோபத்தோடு குதிரையில் களத்துக்கு வந்தாராம். பட்டுச் சேலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பதுளைக் கடைக்காரர்களும் நடுவில் நிற்கிறார்கள். "என்ன இது?" என்றிருக்கிறார். கங்காணிக்கு எங்கிருந்தோ புத்தி வந்தது. "தொரைங்களுக்குச் சலாம் போட நிறுத்தியிருக்கேனுங்க." துரைக்கு முகம் மலர்ந்துவிட்டது. எல்லோரும் துரைக்குப் பின்னால் ஊர்வலமாகப் பந்தலுக்கு வந்தார்கள்.

குதிரையைக் கண்டதும் ஜவுளிக்கடை மாமா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். தம் மேல்துண்டாலேயே அதைத் துடைத்து, "ஒக்காருங்க தொரை" என்றார். துரை மாலையை வாங்கினார், மணமக்களைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார், நின்றபடியே போய்விட்டார். அந்த நாற்காலியில் அவர் உட்காரவே இல்லை.

கங்காணி மகள் கழுத்தைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே கொட்டகைக்கு வந்தார்.

"தப்பு அடிச்சது யாரும்மா?"

"கூலிக்கு ஆளு வச்சீங்கல்ல, அந்த ஆளுதான்" என்றார் அக்கா, என்னைக் காட்டி. நான் கொட்டகைக்குப் பின்புறம் போய் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்தபோது அக்கா பழையபடி சர்க்கரை மூட்டைமேல் இருந்தார். கையில் அந்த விளக்கு. மூன்றாம் முடிச்சு விழுந்ததும் யாராவது வந்து வாங்கி வைப்பது வழக்கம். வாங்க ஆளில்லை, அக்காவும் கீழே வைக்கவில்லை. திரி கருகி அணைந்திருந்தது.

"எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"வெளக்குக்கு யாரு எண்ண ஊத்தினது?"

"நான்தாங்க."

"பத்தல" என்றார்.

மேளம் வருமா, மழை வருமா, மாமா கோபிப்பாரா, மலை இறங்குமா என்று அந்தக் கல்யாணத்தில் எல்லாவற்றுக்கும் பயந்தேன். எண்ணெய்க்கு மட்டும் பயப்படவில்லை.